முன்பு இட்ட பெயர்

பிப்ரவரி 10, திங்கள்

இன்றிலிருந்து இந்த ஆய்வு நிலையத்தில் நானும் வாட்ச்மேன் கார்த்தீசன் அண்ணாச்சியும் மட்டும்தான். மற்றவர்கள் பொங்கல் முடிந்ததிலிருந்து ஒவ்வொருவராகச் சென்னைத் தலைமையகத்துக்குப் போய்விட்டார்கள். மார்ச் 31-ஆம் தேதி கட்டடத்தைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். என் ஒப்பந்தமும் அன்றைக்குத்தான் முடிகிறது. நீட்டிப்பார்களாம். "கண்டிப்பா பாத்துக்கலாம் செண்பகவல்லி" என்று இந்துமதி மேடம் சொல்லியிருக்கிறார். எங்கள் தரவுப் பிரிவின் தலைவர் அவர். அவர் வாயில் 'கண்டிப்பா' வந்தால் நடக்காது என்று அர்த்தம்.

கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்து, "அங்க தனியா உக்காந்து என்னதான் பண்ணுதே?" என்றாள். மூன்று குடும்பத்துப் பாத்திரங்களை ஒரே அடுக்களையில் அடுக்குகிறேன் என்றேன். கிட்டத்தட்ட அதுதான் வேலை. இருபது வருடமாக இந்தக் கடற்கரையில் மீன்களின் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி, டி.என்.ஏ. எடுத்து, சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில் போட்டு உறைபெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். குப்பியின் மேல் வெறும் எண்தான் இருக்கும். எந்த எண் எந்த மீன் என்பது கணினிப் பட்டியலில் இருக்கும். பட்டியல்கள் மூன்று. எழுதியவர்கள் மூன்று தினுசு. ஒருவர் 'ஆழம்' என்ற கட்டத்தில் 'அதிகம்' என்று போட்டிருக்கிறார். இன்னொருவர் 'இடம்' என்ற கட்டத்தில் 'வழக்கமான இடம்' என்று எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இவற்றையெல்லாம் டார்வின் கோர் என்ற உலகப் பொது முறைக்கு மாற்ற வேண்டும். யார் சேகரித்தது, என்றைக்கு, எங்கே, யார் பெயர் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்க ஒரே மாதிரிக் கட்டம். கட்டங்கள் நிரம்பினால் குப்பி சென்னைக்குப் போகும், விவரம் உலக இணையதளத்தில் ஏறும். நிரம்பாவிட்டால் 31-ஆம் தேதி பெட்டியை அணைக்கும்போது குப்பியைக் கொட்டிவிடுவார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

முதல் பட்டியல். முந்நூற்று நாற்பது மீன்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தன. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் நம் ஊர் ஊளி மீன்கள் நார்வேக்கு வடக்கே பனிக்கடலில் நீந்துகின்றன. சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து மேசைப் பக்கம் திரும்பி "இதப் பாருங்களேன்" என்று சொல்லியும் விட்டேன். அங்கே யாரும் இல்லை. மேசையே இல்லை, அதுவும் சென்னைக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று நான் பேசிய மொத்தச் சொற்கள்: "அரை லிட்டர், பச்சை பாக்கெட்."

பிப்ரவரி 19, புதன்

இரண்டாவது பட்டியல், நண்டுகள், முடிந்தது. சென்னையுடன் காணொலிக் கூட்டம். என் முகம் மட்டும் தனிக் கட்டத்தில், அவர்கள் ஆறு பேர் ஒரே கட்டத்தில் டீ குடித்துக்கொண்டு.

மூன்றாவது பட்டியலைத் தொட வேண்டாம் என்றார் மேடம். "அது அந்தத் திருக்கை, சுறா லிஸ்ட். நம்பகமில்லைன்னு எப்பவோ முடிவானது. கழிவுன்னு போட்டு, காரணம் மட்டும் ஒரு வரி எழுதிடுங்க."

அந்தப் பட்டியலை எனக்குத் தெரியும். 2014-இல் படிப்பு முடித்த கையோடு இங்கே திட்ட உதவியாளராகச் சேர்ந்தபோது அதைத் தட்டச்சு செய்தவளே நான்தான். ஏழு மாதம் இருந்தேன். பிறகு கல்யாணம், பெங்களூர். அந்தக் கல்யாணமும் வந்த வழியே போய்விட்டது, அதற்கு இந்த நோட்டில் இடம் கிடையாது. அதன் பிறகுதான் ஒப்பந்தத்தில் இங்கேயே திரும்ப வந்தேன். பட்டியலில் 212 குப்பிகள். பக்கத்து ஊரான கீழத்துறையின் ஏலக்கூடத்துக்கு வரும் மீன்களில் துண்டு வெட்டி, மீனின் பெயரை நோட்டில் எழுதிக் கொடுத்தவர் முன்பு சங்கு குளித்துக்கொண்டிருந்த ஒரு ஆள். பெயர் மறந்துவிட்டது, பட்டியலைப் பார்த்தால் தெரியும். டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வந்தபோது அவர் சொன்ன பெயர் பத்துக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. புள்ளித் திருக்கை என்றிருந்த குப்பியில் உழுவை மீன். உழுவை என்றிருந்ததில் சுறா. ஆளுக்கு மீனே தெரியவில்லை என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பாவம்தான். ஆனால் என்ன செய்வது?

பிப்ரவரி 21, வெள்ளி

காரணம் எழுதப் பட்டியலைத் திறந்தேன். அவர் பெயர் இன்னாசி மச்சாது. கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன். மூடிவிட்டேன். குளியலறைக் குழாய் சொட்டுகிறது.

பிப்ரவரி 22, சனி

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். நானேதான் மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேலெல்லாம் தண்ணீர் தெறித்து உடை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது சொட்டவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஒரே ஒரு ஆளுக்கு ரசம் வைக்க முடியாது. எவ்வளவு குறைத்துப் புளி கரைத்தாலும் மூன்று நாளைக்கு வருகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன்.

குப்பி எண்கள் நாள் வரிசையில் இருக்கின்றன. ஜனவரி 17-இல் ஒன்றாம் எண், மார்ச் 28-இல் 212. அது சரி. ஆனால் முதல் 31 குப்பிகளும் குருவித் திருக்கை. அது முடிந்ததும் வேறொரு திருக்கை, தொடர்ந்து பதினெட்டு. அப்புறம் இன்னொன்று. கடைசி ஒன்பதும் கொம்பன் சுறா. அவர் எழுதிய பெயருக்கு ஈடாகப் பட்டியலில் போட்ட அறிவியல் பெயர்களைப் பார்த்தால் ஆங்கில அகர வரிசையில் ஏ-யில் தொடங்கி எஸ்-ஸில் முடிகிறது. ஒரு பிசிறு இல்லை.

மீன்கள் கரைக்கு அகர வரிசையில் வருவதில்லை.

யாரோ பெயர்க் கட்டத்தை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். எண்கள் நின்ற இடத்திலேயே நிற்க, பெயர்கள் மட்டும் கிளம்பி இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. பதினோரு வருடம் இதை ஒருத்தரும் பார்க்கவில்லையா என்றால், பார்க்கவில்லை. தட்டச்சு செய்த தாளுக்கு நம் ஆட்களிடம் அப்படி ஒரு மரியாதை. கையால் எழுதிய நோட்டை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கணினியை அப்போது நாலைந்து பேர் பயன்படுத்தினோம். யார் செய்தது என்று இப்போது சொல்ல முடியாது.

பிப்ரவரி 27, வியாழன்

பழைய நோட்டுகள் மாடி அலமாரியில் இருக்கும் என்றார் கார்த்தீசன் அண்ணாச்சி. பூட்டு துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, பூட்டையும் அதன் பரம்பரையையும் வைதுகொண்டே திறந்து கொடுத்தார். "எதுக்கு இந்தக் குப்பையக் கிளறுதிய?" என்றார். நாலு நாற்பது பக்க நோட்டுகள். எல்லாம் இன்னாசியின் கையெழுத்து, தடித்த பென்சில். ஒன்றாம் எண்: 'புள்ளித் திருக்கை, பெட்டை, ரெண்டு முழம், வாலில் முள் ஒடிஞ்சிருக்கு.'

அவருடைய பெயர்களை ஒரு பக்கம், பரிசோதனை முடிவை இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று பொருந்தியது. இரண்டு பொருந்தியது. பத்து வரை பொருந்தியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு முடித்தேன். 212-இல் 207 பொருந்துகின்றன. மூன்றுக்குப் பரிசோதனை முடிவே இல்லை. தவறு இரண்டே இரண்டு. நான் ஒரு பக்கம் தட்டச்சு செய்தால் இரண்டு தவறு வரும்.

மார்ச் 1, சனி

நாலைந்து பேர் பயன்படுத்தவில்லை. அந்தக் கோப்பைத் திறந்தவள் நான் ஒருத்திதான்.

எந்த மீன் எத்தனை என்று எண்ணிச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். எண்ணுவதற்கு வசதியாகப் பெயர்களை வரிசைப்படுத்தினேன். அப்படி ஒரு கட்டத்தை மட்டும் வரிசைப்படுத்தப் போனால் கணினி சும்மா விடாது. 'பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து நகர்த்தவா, இதை மட்டும் நகர்த்தவா' என்று ஒரு சின்னப் பெட்டி திறந்து கேட்கும். என்னையும் கேட்டிருக்கும். நான் இதை மட்டும் என்று அழுத்தியிருப்பேன். எண்ணினேன், சேமித்தேன், மூடினேன். டீ குடிக்கப் போயிருப்பேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முடிவு வந்த அன்று திட்டத் தலைவராக இருந்த டாக்டர் வரதன் என்னைக் கூப்பிட்டு, "நீ நோட்டைப் பாத்துத்தானே அடிச்சே?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். பொய்யில்லை, பார்த்துத்தான் அடித்தேன். பிறகு ஜீப்பில் கீழத்துறைக்குப் போனோம். அவர் ஏலக்கூடத்துக்குள் போனார். நான் ஜீப்பில் இருந்தேன். உள்ளே அவர் போட்ட சத்தம் ஜீப் வரை கேட்டது. நான் இறங்கவில்லை.

இன்றைக்கு அழுதேன். இதை எழுதாமல் விட்டால் ஒரு கட்டம் காலியாக இருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

மேடத்திடம் போனில் சொன்னேன். முழுவதும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்போ 212-ம் பிழைச்சுதா? சூப்பர்!" என்றார்.

இந்தப் பொது முறையில் ஒரு நல்ல குணம் உண்டு, தொல்லையும் அதுதான். பெயரைத் திருத்தினால் பழையதை அழிக்க விடாது. 'முன்பு இட்ட பெயர்' என்று ஒரு கட்டம், பழைய பெயர் அதில் நிற்க வேண்டும். பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம், ஏன் மாறியது என்று அங்கே சொல்ல வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

"குறிப்புல 'தரவு உள்ளீட்டுப் பிழை'ன்னு போடுங்க, போதும்" என்றார் மேடம். "யாரு எவருன்னுல்லாம் வேண்டாம். உங்க நீட்டிப்பு ஃபைல் இப்பதான் மேல போயிருக்கு. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். பிழை என்று எழுதிவிட்டால் பிழை தானாகவே வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், மழை பெய்த மாதிரி.

மார்ச் 7, வெள்ளி

212 குப்பிகளுக்கும் குறிப்பு எழுதியாயிற்று: 'தரவு உள்ளீட்டுப் பிழை திருத்தப்பட்டது.' குப்பிகள் தப்பின. சந்தோஷமாக இருக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். காற்று அதிகம், இறங்கிவிட்டேன்.

ஒரு கட்டம் பாக்கி. 'சேகரித்தவர்'. ஊழியர் அல்லாதவர் பெயரை வெளியிட அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் 'பெயர் அறியப்படாதவர்' என்று போடலாம், விதி அதை அனுமதிக்கிறது. போட்டேன். அழித்தேன். திரும்பப் போட்டேன். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

"இன்னாசியா? குத்துக்கல்லு மாதிரி இருக்காரு" என்றார் கார்த்தீசன் அண்ணாச்சி. கீழத்துறை மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருக்கிறாராம். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூட்டுவது, திறப்பது. நான் அவர் உயிரோடு இல்லை என்று கேள்விப்படுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறேன். அப்படி எதிர்பார்த்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் எப்பேர்ப்பட்ட ஆள்.

மார்ச் 15, சனி

கீழத்துறைக்குப் போனேன். பஸ் இருபது நிமிடம்தான். இவ்வளவு பக்கத்திலா என்று இருந்தது.

வீட்டில் அவர் இல்லை. அவர் மனைவி பிலோமி அக்கா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிலையத்திலிருந்து வருகிறேன், ஒரு படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்றேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். "ஆபீஸ்லேருந்து ஆள் வந்து எத்தன வருசமாச்சு" என்றார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. எனக்கும்தான்.

"அவருக்கு மீன் நல்லாத் தெரியுமில்லக்கா" என்று சும்மா கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "யாருக்கு? இவருக்கா? நல்லாக் கேட்டிய போங்க. தெருவுல மீன் வந்தா வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புவேன். அங்க நின்னு போன்ல போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புவாரு. 'பிலோமி, இது பாறை மீனுதானான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லு'ம்பாரு. பாறையத் தெரியாதா ஒரு மனுசனுக்கு? மூணாங்கிளாஸ் பிள்ள சொல்லிரும். கல்யாணம் ஆன புதுசுல தண்ணிக்குள்ள நிழலப் பாத்தே மீன் பேரு சொல்லுவாரு. இப்ப வயசாயிட்டுல்லா."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் வர நேரமாகும் போல, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். "இந்தா வந்துருவாரு, இருங்களேன்" என்று தெரு முனை வரை சொல்லிக்கொண்டே வந்தார். நிற்காமல் நடந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

இந்த ஞாயிறும் ரசம். சாப்பிடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கோயிலுக்கே போனேன். பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து மெழுகுவத்தித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நெடுநெடுவென்று அப்படியேதான் இருக்கிறார். என்னை உடனே தெரிந்துவிட்டது. "கம்ப்யூட்டர் பிள்ளல்லா நீ?" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பட்டது. உங்கள் நோட்டு சரி, எல்லாம் சரி, நான் கணினியில் பெயர்களை மட்டும் வரிசை மாற்றிவிட்டேன், அதனால்தான் பொருந்தவில்லை, அது எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

தேய்ப்பதை நிறுத்தவில்லை. அந்தத் தண்டு முடிந்ததும் கழுவிக் கவிழ்த்தார். பிறகுதான் கேட்டார்.

"நீயா?"

"நான்தாண்ணே."

"டாக்டரு இல்ல?"

"இல்லண்ணே. நான்."

கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த நோட்டு இருக்கா?" என்றார். பையில் இருந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னார். "ஒண்ணாம் நம்பரு என்ன?"

"ஒண்ணு. நீங்க எழுதுனது புள்ளித் திருக்கை, பெட்டை."

"டெஸ்ட்ல?"

"புள்ளித் திருக்கை."

"ரெண்டு?"

ஐம்பத்தொன்று வரை வந்தோம். மணி பன்னிரண்டு ஆனது. எழுந்து போய்க் கோயில் மணி அடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "அம்பத்தி ரெண்டு?" என்றார். பிலோமி அக்கா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார், போகவில்லை. எந்த எண்ணையும் தாண்ட விடவில்லை. தவறாக இருந்த இரண்டில் முதலாவது வந்தபோது நான் வேகமாகப் படித்துவிட்டுப் போகப் பார்த்தேன். நிறுத்தினார். "இரு. அது குட்டிதான? குட்டியில அந்த ரெண்டும் ஒண்ணு போல இருக்கும். அடிவயித்தப் பெரட்டிப் பாத்திருக்கணும். அது என் தப்பு" என்றார். இரண்டாவதுக்கும் அப்படியே, "என் தப்பு."

212 முடிந்தபோது வெயில் இறங்கிவிட்டது.

"எனக்குக் கண்ணு போயிட்டுன்னு நெனச்சேன்" என்றார். "திருநெல்வேலி போயிக் கண்ணு டாக்டர்ட்ட காட்டினேன். கண்ணு நல்லாருக்குன்னுட்டாரு. அப்ப மூளதான் போல, வெளிய சொன்னாக் கேவலம்னு விட்டுட்டேன். ஒரு மீனப் பாத்தா மொதல்ல ஒரு பேரு தோணும். தோணுன ஒடனே, இது தப்பாத்தான் இருக்கும்னும் தோணும். பதினோரு வருசம்."

மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அவர் கவிழ்த்து வைத்த தண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். இதையும் எழுதுகிறேன்.

ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். "கையெழுத்து அப்புறம். அன்னைக்கு டாக்டரு ஏலக்கூடத்துல நட்டநடுவுல நின்னு, 'திருக்கைக்கும் உழுவைக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் ஒரு கடல்காரனா'ன்னு கேட்டாரு. அத்தன பேரும் பாத்துட்டு நின்னானுவ. அதுக்கப்புறம் நான் அந்தக் கூடத்துக்குள்ள காலு வச்சதில்ல. நீ அங்க வந்து சொல்லு. அப்புறம் போடுதேன்."

சரி என்றேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி.

மார்ச் 21, வெள்ளி

போனேன். சொன்னேன். பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 26, புதன்

குளிர்வண்டி வந்து குப்பிகளை எடுத்துப்போயிற்று. 212-ம் போயின. பெட்டியில் வைக்கும்போது ஒவ்வொரு எண்ணாக நானே சரிபார்த்தேன்.

அதற்கு முன்னால் 'சேகரித்தவர்' கட்டத்தில் இன்னாசி அண்ணன் பெயரைப் போட்டு, குறிப்புக் கட்டத்தையும் மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது இது: 'முன்பு இட்ட பெயர் தவறு. 2014-இல் பட்டியலைத் தட்டச்சு செய்த ரா. செண்பகவல்லி பெயர்க் கட்டத்தை மட்டும் தனியே வரிசைப்படுத்தியதால் ஏற்பட்டது. சேகரித்தவர் இன்னாசி மச்சாது களத்தில் சொன்ன பெயரே சரியானது.' தவறான அந்த இரண்டு குப்பிகளுக்கு மட்டும் வேறு குறிப்பு, அவர் சொன்னபடி: 'குட்டி மீன். சேகரித்தவர் பிழை.' அது வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மேடம் படித்துவிட்டுக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் வந்த மடலில் சாவி ஒப்படைப்பது பற்றி எல்லாம் இருக்கிறது, நீட்டிப்பு பற்றி ஒரு வரி இல்லை.

மார்ச் 31, திங்கள்

காலை பதினொரு மணிக்கு உறைபெட்டிகளை அணைத்தேன். இந்த இரண்டு மாதமும் அவற்றின் உறுமலைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன் என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது. பெட்டி கட்டியாயிற்று. கோவில்பட்டி பஸ் மூன்று மணிக்கு. அதற்குள் அந்த வெள்ளிக்கிழமையை எழுதிவிட வேண்டும்.

ஏழு மணிக்கு ஏலக்கூடம் நிறைந்திருந்தது. நாட்டுப் படகுகள் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. இன்னாசி அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பிலோமி அக்காவும் கூட வந்திருந்தார். அண்ணன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போல, அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் கூடத்துக்குள் வரவில்லை. தூணுக்கு வெளியே நின்றார்.

ஏலக்காரரிடம் ஒரு நிமிடம் கேட்டேன். "சீக்கிரம் சொல்லுங்க, மீன் கெடுது" என்றார். அவர் ஒரு சத்தம் போட்டதும் கூட்டம் என் பக்கம் திரும்பியது. பெயர் சொன்னேன், எந்த ஆபீஸ் என்று சொன்னேன். 2014-இல் இங்கே வைத்து இன்னாசி மச்சாது அண்ணனுக்கு மீன் தெரியாது என்று எங்கள் டாக்டர் சொன்னார், அது தப்பு, அண்ணன் சொன்ன மீன் எல்லாம் சரி, தப்பு செய்தது நான் என்று சொன்னேன். கடைசி வரை சொல்லிவிட்டேன்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எந்த டாக்டரு?" என்றார் ஒருவர்.

"இன்னாசி அண்ணனுக்கு மீன் தெரியாதுன்னு எவன் சொன்னான்?" என்று இன்னொருவர் கோபப்பட்டார்.

ஏலக்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணன் அந்த வேலய விட்டது கோயில் வேல கெடச்சதுனாலன்னுல்லா நாங்க நெனச்சிருந்தோம்? அப்பிடி ஒண்ணு நடந்ததாவே ஞாபகம் இல்லியே" என்றார். பிறகு, "சரி சரி, ஒதுங்குங்க" என்று ஏலத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்.

வெளியே வந்தேன். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மணலில் கொஞ்ச தூரம் நடந்தார், நானும் பின்னால் போனேன். படிவத்தை வாங்கிப் படகு விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், நிதானமாக, அதே தடித்த எழுத்து.

"ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல" என்றார்.

படிவத்தை எடுத்துப் பையில் வைத்தேன்.

"எல்லாப் பயலும் இதையே பேசிட்டு இருப்பானுவன்னு நெனச்சு ஊரச் சுத்திப் போவேன், இந்த வழியா வராம. ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல." பேனாவை என்னிடம் நீட்டினார். "நீ நெனச்சிருப்பே இல்ல பிள்ள? எப்பவாவது?"

ஆமா என்று சொல்லியிருக்கலாம். அவர் முகம் அதைத்தான் கேட்டது. சொல்லியிருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும். ஆனால் இந்த மனிதரைப் பற்றி இன்னொரு தப்பான விவரம் எழுத எனக்குத் தெம்பில்லை.

"இல்லண்ணே" என்றேன். "அந்த லிஸ்ட்டத் தெறக்குற வரைக்கும் உங்க பேருகூட எனக்கு ஞாபகம் இல்ல."

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப நான் ஒருத்தந்தான்" என்றார்.

பிறகு திரும்பி, பிலோமி அக்காவைக் கூட்டிக்கொண்டு ஏலக்கூடத்துக்குள் போனார். நான் பஸ் வரும் வரை வெளியே நின்றேன்.